தீவுக்காரன் போட்ட மூன்றாவது ரூல்ஸ்

திம்மப்பனை முதல் நாள் பார்த்தபோதே எனக்குப் பிடிக்கவில்லை. பெங்களூரிலிருந்து கார் போட்டுக்கொண்டு வந்து, என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, நான் போட்ட காபியைக் குடித்துக்கொண்டே ஒரு நாட்டை விலை பேசினான். மேற்கிந்தியத் தீவுகள் பக்கம் ஏதோ ஒரு குட்டி நாடாம். பணம் போட்டால் குடியுரிமை கொடுத்து, பாஸ்போர்ட்டும் கொடுப்பார்களாம். பாஸ்போர்ட்டை விற்கிற நாடு என்ன நாடு? அதைக் கூவி விற்கிறவன் என்ன ஆள்? அவன் முழியே சரியில்லை.

என் வீட்டுக்காரர் ராயப்பனோ வாயில் ஈ போவது தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ஓசூர் சிப்காட்டில் சின்னதாக ஒரு பட்டறை. ஜெர்மனியிலிருந்து ஒரு கம்பெனி ஆர்டர் பேசக் கூப்பிட்டது. இரண்டு தடவை கேட்டும் விசா கிடைக்கவில்லை. அதிலிருந்து அவருக்கு இந்த ஊரே கசந்துவிட்டது. இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தீவுக்காரர்களாகிவிட்டால், நாம் நினைத்த நாட்டுக்கு நினைத்தபோது போகலாம் என்றார். நாம் என்றுதான் சொன்னார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. நாம் என்றால் நானும் அவரும்தான்.

பட்டறை ஏற்கெனவே பேங்கில் அடமானம். மிச்சமிருந்தது நாகரசம்பட்டியில் என் அப்பா என் பேருக்கு எழுதிவைத்த மாந்தோப்பு. உலகத்தில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அதை விற்றால்தான் தீவு.

தொண்ணூற்று மூன்றில் பேச்சு ஆரம்பித்தபோது, அங்கே ஒரு வீடு வாங்கினால் போதும் என்றார்கள். நானும் கொஞ்சம் இளகினேன். வீடு என்றால் கண்ணால் பார்க்கலாம், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கலாம். இரண்டே மாதத்தில், ரூல்ஸ் மாறிவிட்டது, வீடு வேண்டாம், பணத்தை அந்த அரசாங்கத்திடமே கட்ட வேண்டும் என்று வீட்டுக்காரர் வந்து சொன்னார். பொங்கல் கழிந்ததும் மூன்றாவது ரூல்ஸ் வந்தது. இனிமேல் ஒரு பணத்துக்கு ஒரு ஆள்தானாம். மனைவியைச் சேர்க்க முடியாதாம். அவர் முதலில் போய்க் காலூன்றி, பிறகு என்னைக் கூப்பிட்டுக்கொள்வாராம்.

"அவங்க நாட்டு ரூல்ஸ் பவுலினா. நான் இன்னா பண்ணட்டும்?" என்றார். சொல்லும்போது முகம் வாடியிருந்தது. எனக்கே பாவமாகிவிட்டது; தோப்பை விற்கத் தலையாட்டிவிட்டேன்.

என் ஆத்திரமெல்லாம் திம்மப்பன் மேல் திரும்பியது. நாங்கள் கர்நாடக எல்லையில் இருக்கிறவர்கள். இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் ஒரு சட்டம் என்று லாரிக்காரர்களைப் பயமுறுத்திப் பணம் கறக்கிற புரோக்கர்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! இவன் கடல் தாண்டி எல்லையைக் காட்டுகிறான், அவ்வளவுதான் வித்தியாசம். என் வீட்டு மனுஷன் காதில் நன்றாகப் பூச்சுற்றுகிறான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

கோவிந்தப்பன் என்பவர் தோப்புக்கு முன்பணம் கொடுத்து, பத்திரம் பதிய நாளும் குறித்தாகிவிட்டது. அதற்கு முந்தின நாள், கோயிலுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு நான் பெங்களூர் பஸ் ஏறினேன். திம்மப்பன் கொடுத்த விலாசத்தில் பூட்டிய அறைதான் இருக்கும், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் ஆபீஸ் திறந்துதான் இருந்தது. திம்மப்பன் எழுந்து நின்று நாற்காலி போட்டான், காபி வரவழைத்தான். எனக்குச் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. மூன்று ரூல்ஸையும் உன் வாயால் சொல் என்று கேட்டேன்.

"மொதல் ரெண்டும் நெஜம்தான் அக்கா," என்றான். "மூணாவது இல்லவே இல்லையே. போன மாசத்துல இருந்து ஒரே பணத்துக்கு வீட்டம்மாவும் சேர்த்தி. சார்கிட்ட ரெண்டு தடவ சொன்னேன். நீங்கதான் ஓசூர விட்டு வர மாட்டேன்னு சொல்லிட்டீங்களாமே?"

காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

பஸ்ஸில் அத்திப்பள்ளி வரும்வரை அவனைத்தான் சந்தேகப்பட்டேன். குடும்பத்தைப் பிரிக்கப் பார்க்கிறான், படுபாவி. இருபது வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்ட மனுஷனை விட்டு இவனை நம்புவதா? அத்திப்பள்ளி தாண்டியதும் அந்தப் பேச்சு எனக்கே ஒட்டவில்லை. மாதாவே, அவன் பொய்யனாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் பத்திரம் பதிய வீட்டுக்காரரோடு காரில் கிருஷ்ணகிரிக்குப் போகும்போது, சூளகிரியில் எஸ்.டி.டி. பூத் ஒன்று தெரிந்தது. வண்டியை நிறுத்தச் சொன்னேன். என்னைச் சேர்க்க வழியே இல்லையா என்று திம்மப்பனிடம் நானே ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன் என்றேன். அவர் உண்மையைச் சொல்லிவிட்டால் போதும், திட்டித் தீர்த்துவிட்டுக் கையெழுத்துப் போடத் தயாராகத்தான் இருந்தேன்.

அவர் என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். அப்படி அவர் செய்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது.

"அவன் பாம்பே போயி ஒரு வாரம் ஆச்சு," என்றார். "நான் கெஞ்சாத கெஞ்சலா? பொண்டாட்டிய உட்டுட்டு எப்படிய்யா போவேன்னு கேட்டுட்டேன். முடியவே முடியாதுன்னுட்டான்."

நேற்று எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தவன் ஒரு வாரமாகப் பாம்பேயில் இருக்கிறான். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கிருஷ்ணகிரி வரும்வரை அவர் அதைத் தடவிக் கொடுத்துக்கொண்டே வந்தார்.

பத்திர ஆபீஸில் கோவிந்தப்பன் பழத்தட்டோடு காத்திருந்தார். எங்களைக் கூப்பிட்டார்கள். பதிவாளர் நிமிர்ந்து பார்க்காமலே, "சொந்த இஷ்டத்துலதான் விக்கிறீங்களாம்மா?" என்றார். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். அவரும் முத்திரையை எடுத்துவிட்டார்.

"இல்லைங்க," என்றேன்.

பதிவாளர் அப்போதுதான் என்னைப் பார்த்தார். கோவிந்தப்பன் தட்டைக் கீழே வைத்தார். என் வீட்டுக்காரர் குனிந்து, காதோரம், "இன்னாடி ஆச்சு உனக்கு?" என்று கேட்டார்.

"ரூல்ஸ் மாறிடுச்சுங்க," என்றேன். "நேத்து பெங்களூர் போயிருந்தேன். திம்மப்பன் சொன்னாரு."