துல்லியம் சாரின் சோதனை

"மனுஷன் பொய் சொல்வான், தங்கமும் பொய் சொல்லும். தண்ணி மட்டும் ஒருநாளும் பொய் சொல்லாது." துல்லியம் சார் இப்படி அறிவித்தபோது, அவருடைய பனியன் உள்புறம் வெளியே தெரிய மாட்டப்பட்டிருந்தது. முப்பது ஆண்டுகள் இயற்பியல் நடத்தியவர். பட்டப்பெயர் மாணவர்கள் வைத்தது. அவர் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

எதிரே அவர் மனைவியின் தம்பி உட்கார்ந்திருந்தான். போன மாதம் இறந்த அம்மாவின் சங்கிலியை அக்காவிடம் கொடுக்க வந்தவன். அம்மா கடைசி இரண்டு வருடம் அவன் வீட்டில்தான் இருந்தார், சங்கிலியும்.

"இதுக்குப் போய் எதுக்கு அத்தான் பரீட்சை?"

"பாஸாகிறவன் பரீட்சைக்குப் பயப்பட மாட்டான், மாப்பிள்ளை."

எடை நாற்பது கிராம். அளவுக் குழாயில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர். "நகைத் தங்கம்னா ரெண்டேகால் மில்லி ஏறணும். அதைத் தாண்டினா ஏதோ லேசான உலோகம் கலந்திருக்கு."

சங்கிலியை உள்ளே போட்டால் அடியில் குவிந்து காற்றுக் குமிழ் சிக்குமாம். அதனால் கொக்கியைச் சுண்டுவிரல் நுனியில் மாட்டி, கொக்கியும் மூழ்கும்வரை இறக்கினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அளவைப் படித்தார். நாலே முக்கால் மில்லி ஏறியிருந்தது.

"நாற்பதை இதால வகுத்தா எட்டரைக்குக் கிட்ட வரும். பித்தளை."

அக்கா தம்பியைப் பார்த்தாள். "அம்மா கழுத்துல இருக்கும்போதேவா மாத்தின?"

"நான் அதைத் தொட்டதே அவங்க போனப்புறம் கழட்டத்தான்க்கா."

"ரெண்டு வருஷம் பாத்துக்கிட்டதுக்குக் கூலின்னு சொல்லிடு. கோவிச்சுக்க மாட்டேன்."

அவன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டான். "அம்மாவோட எனக்கு அக்காவும் போயாச்சு," என்றான். குரல் உயரவில்லை.

"குட்டு வெளிப்பட்டா ரோஷம் வரத்தான் செய்யும்," என்றார் சார், கதவு சாத்தியபிறகு.

மத்தியானம் அவர் சாய்வு நாற்காலியில் குறட்டை விட்டார். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒருவேளை கணக்கு தப்பியிருக்காதா என்ற நப்பாசையில் குழாயை எடுத்தாள். சங்கிலியைத் தையல் நூலில் கட்டி இறக்கினாள். தண்ணீர் இரண்டேகால் மில்லி ஏறியது. துடைத்து மறுபடி இறக்கினாள். அதே இரண்டேகால்.

தம்பியை அழைத்தாள். எடுக்கவில்லை. மூன்றாம் முறை அவன் இணைப்பைத் துண்டித்தான்.

நாற்காலியின் கைப்பிடியிலிருந்து சாரின் கை தொங்கிக்கொண்டிருந்தது. மீதி இரண்டரை மில்லி அவருடைய சுண்டுவிரல்.