சூடு தெரியுதா?

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்காக மடவளையில் பஸ்ஸை விட்டு இறங்கிய அஸ்ஃபர் முதலாளியின் ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. மற்றது பஸ்ஸோடு போய்விட்டது. அது கழன்றதே அவருக்குத் தெரியாது. பள்ளிவாசல் படியில் நின்ற ஹலீம் நானாதான் கண்டுபிடித்தார்.

"என்ன முதலாளி, மத்தச் செருப்ப யாருக்கு சதகா குடுத்தீங்க?"

முதலாளி சிரித்துச் சமாளித்தார். சில மாதங்களாகவே பாதங்கள் இரண்டும் மரத்துக் கிடந்தன. நீரிழிவு என்கிற சீனி வருத்தம் பழையது. அரசாங்கக் கிளினிக்கின் நீண்ட மர வாங்கில் நாலு பேரோடு குந்தியிருப்பது திரைச்சீலை விற்கும் ஒரு கர்டன் கடை முதலாளிக்கு அழகல்ல என்று அங்கே போவதை நிறுத்தியதும் பழையதுதான்.

"அக்குபங்சர் செஞ்சி பாருங்க. இப்ப பெரிய ஆக்கள் எல்லாம் அதுதான்" என்றார் ஹலீம் நானா. பெரிய ஆக்கள் என்றதும் முதலாளிக்கு அந்த வைத்தியத்தில் நம்பிக்கை பிறந்தது.

மனைவி றம்லத் விசாரித்து, கம்பளையில் பதிவு பெற்ற டாக்டர் நிஷாந்தியின் நம்பரை எடுத்துக் கொடுத்தாள். போனில் அந்த அம்மா, "மொதல்ல சீனி ரிப்போட்டோட வாங்க. பாதத்தப் பார்த்துட்டுத்தான் ஊசி போடலாமா, வேணாமான்னு சொல்லுவேன்" என்றார்.

முதலாளி போனை வைத்தார்.

"வேணாம்னு செல்ற டாக்டரா? எந்த யாவாரி தன்ட சாமான வேணாம்னு செல்லுவான்?"

"அவங்க யாவாரி இல்லயே" என்றாள் றம்லத். அது முதலாளியின் காதில் ஏறவில்லை.

கட்டுகஸ்தோட்டையில் ஒரு மாடியில் இருந்தார், முதலாளியே தேடிப்பிடித்த ஊசி வைத்தியர் தனபாலன். பெயர்ப் பலகையில் அவர் பெயர் ஒரு வரி, பட்டங்கள் மூன்று வரி. சுவர் தெரியாதபடி படங்கள்: மாலையோடு தனபாலன், வெள்ளைக்காரரோடு தனபாலன், மாலை போட்ட வெள்ளைக்காரரோடு தனபாலன். முதலாளி மயங்கிப்போனார்.

"வாங்க முதலாளி. நீங்க ஒன்னும் சொல்ல வேணாம். நாடியே எல்லாம் சொல்லும்" என்றார் தனபாலன். சீனியைப் பற்றி நாடி ஒன்றும் சொல்லவில்லை போலும்.

பாதங்களில் ஊசிகள் ஏறின. மேலே சூட்டு விளக்கு ஒன்றை இழுத்து வைத்தார்கள். வரிசையாகக் கட்டில்கள்.

"எப்படி இருக்கு?"

"கரண்ட் பாயுது டாக்டர்" என்றார் முதல் கட்டில்காரர்.

"எனக்குத் தலை வரைக்கும் போகுது" என்றார் அடுத்தவர்.

"முதலாளிக்குச் சூடு தெரியுதா?"

அஸ்ஃபர் முதலாளிக்கு ஊசியும் தெரியவில்லை, சூடும் தெரியவில்லை. இத்தனை பேர் நடுவில் தன் காலுக்கு மட்டும் மதிப்பில்லாமல் போவதா?

"நல்லாத் தெரியுது. இன்னும் கொஞ்சம் கிட்ட வைங்க" என்றார்.

வெளியே இருந்த றம்லத்துக்குத்தான் கருகல் வாசம் முதலில் வந்தது. திரையை விலக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"அல்லாஹ்வே! கால் வேகுதுங்க!"

அவர் குனிந்து பார்த்தார். தோல் கொப்புளித்திருந்தது. நோவில்லை. யாரோ ஒருவருடைய காலைப் பார்ப்பது போலிருந்தது.

புண் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் சிறுவிரலை எடுத்தார்கள். அப்போதும் அவருக்கு நோகவில்லை. கிளினிக் வாங்கில் மட்டும் இப்போது ஒழுங்காகக் குந்துகிறார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஹலீம் நானா கடைக்கு வந்தார். "முழங்கால் நோவுது முதலாளி. நல்ல ஊசி டாக்டர் ஒருத்தரச் செல்லுங்களேன். பலகை கிலகை பெரிசா ஈக்கிற ஆளா."

"நானா, நான் கர்டன் விக்கிறவன். வெடிச்ச சுவர் ஈக்கிற ஊட்டுக்காரங்கதான் அகலமான கர்டன் கேப்பாங்க. அது தெரிஞ்சும் ஏமாந்தேன். சுவர்ல என்ன தொங்குதுன்னு பாக்காதீங்க, உங்கள்ட்ட என்ன கேக்குறாங்கன்னு பாருங்க. வருத்தத்தக் கேக்காம ஊசிய எடுத்தா எழும்பி வந்திடுங்க. கேட்டா, மானம் பாத்துப் பொய் செல்லாதீங்க. தெரியாத சூட்டத் தெரியுதுன்னு செல்லித்தான் நான் விரலக் குடுத்தேன்."

சொல்லிவிட்டு ஜும்மாவுக்குப் புறப்பட்டார். வாசலில் நின்று, இரண்டு செருப்பும் காலில் இருக்கின்றனவா என்று குனிந்து கண்ணால் பார்த்துக்கொண்டார்.