மேஸ்திரிக்குப் பின்னங்கால் வரவில்லை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அக்கா வீட்டு நாய்க்குப் பின்னங்கால்கள் வராமல் போயின. அதைவிட உயர்ந்த காரணம் எதுவும் இல்லை.

பள்ளிபாளையத்தில் ஒரு நூல் மில்லில் இரவு ஷிப்டு பார்த்தேன், விட்டுவிட்டேன். ஏன் விட்டேன் என்பது வேறு கதை, இதைவிடச் சலிப்பானது. நாமக்கல் பக்கத்தில் அக்கா வெண்ணிலாவும் மாமா குழந்தைவேலும் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறார்கள். அங்கே வந்து சேர்ந்தேன். பகலில் தூங்கிப் பழகிய உடம்புக்குப் பகலை என்ன செய்வதென்று தெரியவில்லை. தீவனக் கிடங்கின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். எதிரில் நாய் படுத்திருக்கும்.

“ரெண்டு பேரும் ஒரே மாதிரி கெடக்கறீங்க,” என்றாள் அக்கா. “அதுக்குக் கால் வரல, கெடக்குது. உனக்கு என்ன சாமி? எழுதறேன் எழுதறேன்னு சொல்லுவியே, இதைப் பத்தியாச்சும் எழுது.”

எழுதுகிறேன்.

2

முதல் வரி சரியாக வரவில்லை. அடித்தவற்றை அப்படியே விட்டிருக்கிறேன்.

‘வயதான நாயின் கண்களில் ஒரு—’

வேண்டாம். எழுதுகிறவர்கள் நாயின் கண்ணில் எதை வேண்டுமானாலும் பார்த்துவிடுவார்கள். நான் பார்த்தது பீளை.

‘காலம் யாரையும்—’

இதை நான் முடிக்கத் தேவையில்லை. நீங்களே முடித்திருப்பீர்கள்.

‘மேஸ்திரி ஓர் அல்சேஷன்.’

இது போதும். அல்சேஷன் என்று விற்றவர் சொன்னாராம். ஒரு காது நிற்கும், ஒரு காது மடிந்திருக்கும். கன்றுக்குட்டி அளவு உடம்பு. குட்டியாக வந்தபோது வைத்த பெயர் வேறு. ஒவ்வொரு ஷெட்டாகப் போய், வேலை செய்பவர்களைச் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு நகர்வான் என்பதால், முட்டை எடுக்கும் மாரி அவனை மேஸ்திரி என்றாள். அதுவே நின்றுவிட்டது.

ஒவ்வொரு ஷெட்டின் வாசலிலும் ஆழமில்லாத சிமெண்டுத் தொட்டி உண்டு. அதில் ஊதா நிறத்தில் மருந்துத் தண்ணீர் நிற்கும். உள்ளே போகிறவர்கள் காலை நனைத்துவிட்டுத்தான் போக வேண்டும். வெளியிலிருந்து கோழிக்கு நோய் வரக்கூடாது. தீவனம் விற்க வருகிறவர்கள் ஷூ கெட்டுவிடும் என்று தாண்டிப் போவார்கள். மேஸ்திரி தாண்ட மாட்டான். நாலு காலையும் தண்ணீரில் வைத்து நடந்துதான் உள்ளே போவான். அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

(இந்தத் தொட்டியை நினைவில் வையுங்கள், மறுபடியும் வரும். இப்படி முன்கூட்டியே சொல்வது தவறு என்பார்கள். மறைத்து வைத்து எடுக்கத் தெம்பில்லை.)

3

குழந்தைவேல் என்னும் பாத்திரம் எனக்கு நம்பும்படியாக இல்லை. ஆள் நிஜமாக இருக்கிறார். தாளில்தான் நிற்க மாட்டேன் என்கிறார்.

முட்டை குறைந்த கோழிகளை ஷெட் ஷெட்டாகக் கழித்து லாரியில் ஏற்றுகிறவர் அவர். காலைப் பிடித்துத் தலைகீழாகக் கொத்துக்கொத்தாக எடுத்து வருவார்கள். மாமா டீ குடித்தபடி நிற்பார். அப்படிப்பட்டவர் ஒரு கிழட்டு நாய்க்காகத் தவித்தார் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். அதனாலேயே எனக்குச் சந்தேகம். அவர் நாயைக் கொஞ்சி நான் பார்த்ததில்லை. “தள்ளிப் படு, சனியனே” என்பதுதான் அவனோடு அதிகம் பேசியது.

ஆகவே அன்பு என்ற சொல்லை ஓரமாக வைக்கிறேன். நான் கண்டதை மட்டும் சொல்கிறேன்: தன் பண்ணையில் ஓர் உயிர் எழ முடியாமல் கிடப்பதும் தன்னிடம் அதற்கு வைத்தியம் இல்லை என்பதும் அவருக்குப் பொறுக்கவில்லை.

(அவருக்கும் முழங்கால் வலி. கையை ஊன்றித்தான் எழுவார். அதை நாயின் காலோடு முடிச்சுப்போட்டு ஒரு பத்தி எழுதியிருந்தேன். கிழித்துவிட்டேன். அவர் முழங்கால் அவர் முழங்கால்.)

4

வீட்டின் முன்புறம் புதிதாக டைல்ஸ் போட்டார்கள். முகம் தெரியும் அளவுக்கு வழுவழுப்பு. மேஸ்திரி எப்போதும்போல அங்கேயே படுத்தான். எழும்போது முன்கால் ஊன்றும்; பின்பக்கம் சறுக்கி அகலும். தவளையைப்போலக் கிடந்து, மறுபடி முயன்று, எழுவான். பிறகு நடையிலேயே இடுப்பு ஒரு பக்கம் ஆடத் தொடங்கியது. அவன் வருவதற்கு முன்பு தரையில் நகம் உரசும் ஓசை வந்தது.

மாமா சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“கோழிக்கு வாரதுதான் மாப்ள. சுண்ணாம்புச் சத்துப் பத்தல.”

இதைப் புரிந்துகொள்ளப் பண்ணைக்காரராக இருக்க வேண்டும். கூண்டுக்கோழி தினமும் முட்டை போட்டே எலும்பிலிருக்கும் சுண்ணாம்பை இழக்கும். ஒருநாள் கால் விழுந்து கூண்டுக்குள் சரிந்துவிடும். அப்படிப்பட்ட கோழியை வெளியே எடுத்து, மண் தரையில் விட்டு, கிளிஞ்சலைப் பொடித்துத் தீவனத்தில் கலந்து கொடுப்பார்கள். பெரும்பாலும் எழுந்துவிடும். மாமா வாழ்நாள் முழுக்கக் கண்ட கால் நோய் இது ஒன்றுதான்.

“மாமா, இவன் முட்டை போடறதில்லையே,” என்றேன்.

“வாயப் பாரு. முட்டை போடாதவனுக்கு எலும்பு இல்லியா? உனக்கில்ல?”

தயிர்ச்சோற்றில் கிளிஞ்சல் தூள் கலந்தார். கோழிக்குச் செய்வதுபோலவே மண்ணில் விட வேண்டும் என்று, டைல்ஸிலிருந்து தூக்கிக் கிடங்குக்கு எதிரில் வேப்பமரத்தடியில் படுக்கவைத்தார்.

மேஸ்திரி எழுந்தான். சறுக்கவில்லை. ஆடியபடியே முதல் ஷெட் வரை போய்த் தொட்டியில் கால் நனைத்து, உள்ளே நின்று பார்த்துவிட்டு வந்தான்.

மாமா தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டார். “ஒண்ணுமில்லீங்க, கால்சியந்தானுங்க. நாய்னாலும் கோழினாலும் கால் காலுதானுங்களே!”

“நல்லா எந்திரிச்சுட்டானுங்க மொதலாளி,” என்றாள் மாரி. “அப்படியே அவனையும் ஒரு கூண்டுல விட்டுப் பாருங்க. நாளைக்கு முட்டை கெடைச்சாலும் கெடைக்கும்.”

[இங்கேயே முடித்திருந்தால் நல்ல கதை. மண்ணில் கால் வழுக்கவில்லை, அதனால் எழுந்தான். வைத்தியம் தப்பு, தரை சரி. அன்று இது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு எழுதுவதால் கூர்மையானவன்போலத் தெரிகிறேன்.]

கிளிஞ்சல் தன் வேலையை வேறு பக்கம் காட்டியது. மேஸ்திரி வயிறு கல்லாக இறுகி, குந்த முடியாத கால்களோடு குந்தி முக்கிக்கொண்டு நின்றான். அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. பிறகு மண்ணிலும் கால் இழுபடத் தொடங்கியது. மாமா தூளின் அளவைக் கூட்டினார்.

5

கோழிகளைப் பார்க்க வரும் டாக்டர் அஸ்பியா. இளவயதுதான். பேச்சில் சர்க்கரை கிடையாது, எனக்குப் பிடிக்கும். அவர் அன்று வந்தது கோழிகளுக்காக. வேலை முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தவர், தொட்டியில் இறங்கி ஏறிய நாயைப் பார்த்துத் தண்ணீர்க் குழாயை மூடினார்.

“அண்ணா, இவன் கால்ல கறை எங்க இருக்குதுன்னு பாத்தீங்களா?”

பார்த்தோம். முன்பாதங்களில் ஊதா மருந்து காய்ந்த பழுப்புக் கறை அடியில் இருந்தது. பின்பாதங்களில் மேல்பக்கம் இருந்தது. மேல்பக்கத் தோலும் தேய்ந்து சிவந்திருந்தது.

“மடங்கின பாதத்தோட நடக்கறான். எத்தனை நாளா?”

மாமா பதில் சொல்லாமல் கால்சியம் கதையைச் சொன்னார். அஸ்பியா முழுக்கக் கேட்டார், சிரிக்கவில்லை.

“மண்ணுல விட்டது நல்லது. கிளிஞ்சலை நிறுத்துங்க. இவனுக்கு முதுகுத்தண்டு நரம்பு போயிட்டு இருக்குதுங்கண்ணா. கால் எங்க இருக்குதுன்னே அவனுக்குச் செய்தி போகல.”

மாமா நம்பவில்லை. அஸ்பியா மண்டியிட்டார். என்னை இடுப்பைத் தாங்கிக்கொள்ளச் சொன்னார். மேஸ்திரியின் ஒரு பின்பாதத்தை மடித்து, மேல்பக்கம் தரையில் படும்படி வைத்துவிட்டுக் கையை எடுத்தார்.

“நல்லா இருக்கற நாய்னா உடனே திருப்பி வெச்சுக்கும்.”

பாதம் அப்படியே இருந்தது. மேஸ்திரி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான், யாரோ வேலை சொல்லப்போவதுபோல.

“இருங்க டாக்டரம்மா, திருப்புவான்,” என்றார் மாமா.

காத்திருந்தோம். உள்ளே கோழிகள் கொக்கரித்தன.

“திருப்புவானுங்க. கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான்.”

கொஞ்ச நேரம் கழித்து மாமா தன் கால் கட்டைவிரலால் அந்தப் பாதத்தை மெல்ல நெம்பிச் சரியாக வைத்தார்.

“பாருங்க, திருப்பீட்டான்.”



(இந்த இடத்தை நான் கற்பனை செய்திருந்தால் பெருமைப்பட்டிருப்பேன்.)

இடுப்பு வலிக்கு மாத்திரை எழுதித் தந்தார் அஸ்பியா. சாக்கைப் பிரித்து வயிற்றடியில் கொடுத்து, இரண்டு பக்கமும் ஆள் பிடித்துத் தூக்கினால் நடப்பான் என்றார். பாதத்துக்குத் துணி சுற்றவும், படுக்கைப்புண் வராமல் புரட்டிப் போடவும் சொன்னார்.

“நல்லாயிருமுங்களா?”

“ஆகாதுங்கண்ணா. இப்படியே மெதுவா முன்னங்கால் வரைக்கும் ஏறும். எந்திரிக்கணும்னு அவனுக்கே தோணாம போறப்ப கூப்பிடுங்க. கடைசி ஊசி போட வாரேன். முன்னாடியே கூப்பிட வேண்டாம், ரொம்பப் பின்னாடியும் வேண்டாம்.”

“அது எனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியும்.”

“இது என்ன பதிலு மாப்ள?” என்று கார் போன பிறகு என்னிடம் கத்தினார் மாமா.

6

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

அ. ஒரு காலையில் மேஸ்திரி மரத்தடியிலேயே இறந்து கிடக்கிறான். யாரும் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. சொகுசான முடிவு. நாய்கள் நம் வசதிக்குச் சாவதில்லை. அடித்துவிட்டேன்.

ஆ. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் சொல்லி நாய்க்குச் சக்கர வண்டி செய்கிறார்கள், அவன் ஓடுகிறான். இதில் பாதி நிஜம். வண்டி வந்தது. பட்டறைக்காரர்கள் தங்களுக்குத் தெரிந்தபடி இரும்பு ஆங்கிள் வைத்து, பின்னால் சிவப்பு ரிப்ளெக்டர்கூட ஒட்டியிருந்தார்கள். லோடு ஏற்றலாம்போல இருந்தது. மேஸ்திரியால் அதை அசைக்க முடியவில்லை. அதன் நிழலில் படுத்துக்கொண்டான். இப்போது அதில் முட்டை அட்டைகள் போகின்றன.

இ. அஸ்பியா வருகிறார். மாமா தலையைப் பிடித்துக்கொள்கிறார். ஊசி உள்ளே—

இதை முடிக்க முடியவில்லை. மனசு கேட்கவில்லை என்பதால் அல்ல. காரணம் அடுத்த பகுதியில்.

7

காலையும் மாலையும் நானும் மாமாவும் சாக்குப் பிடிக்கிறோம். ஒரு முனை அவர், ஒரு முனை நான், நடுவில் நாய். முன்கால்கள் நடக்கின்றன, பின்கால்களை நாங்கள் நடத்துகிறோம். முன்பு எல்லா ஷெட்டும் போனான். இப்போது முதல் ஷெட் மட்டும். தொட்டியில் இறங்கி ஏறாமல் உள்ளே போக மறுக்கிறான். இடுப்போடு தூக்கி நனைத்து எடுக்கிறோம். எனக்கு முதுகு விட்டுப்போகிறது.

போன வாரம் ஒரு காலையில், “எந்திரிடா” என்று மாமா சொன்னபோது அவன் தலையைத் தூக்கவில்லை. மறுபடி சொன்னார். காது மட்டும் அசைந்தது. மூன்றாவது முறை முன்காலை ஊன்றினான். மாமா என்னைப் பார்த்தார். நான் சாக்கை உதறினேன்.

மத்தியானம் கிடங்குக்கு வந்தார். என் நாற்காலிக்குப் பக்கத்தில் தீவன மூட்டைமேல் உட்கார்ந்தார்.

“எழுதறியாமா, நாயைப் பத்தி. உங்கக்கா சொன்னா.”

“ஆமாங்க மாமா.”

“எது வரைக்கும் வந்திருக்குது?”

“முடிவு வரைக்கும்.”

“என்ன எழுதியிருக்கறே?”

“இன்னும் இல்லீங்க.”

செருப்பைக் கழற்றி, உள்ளேயிருந்த மண்ணைத் தட்டினார். திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை.

“நீ நாளெல்லாம் அவனையே பாத்துட்டு உக்காந்திருக்கறே. எனக்கு ஆயிரம் சோலி. அவனுக்குத் தோணுதா தோணலியான்னு எனக்குச் சொல்லத் தெரியல மாப்ள. நீ எழுது. என்ன எழுதறயோ, அதும்படியே பண்ணீரலாம்.”

“மாமா, இது கதைங்க.”

“இருக்கட்டும். யாராச்சும் ஒருத்தர் சொல்லோணுமில்ல?”

போய்விட்டார். செருப்பை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

8

எழுத்துக்கு உலகத்தில் ஒரு பயனும் இல்லை என்பதில் எனக்கு நிம்மதி இருந்தது. அது போய்விட்டது. ‘இ’யை முடித்தால் அஸ்பியாவுக்குப் போன் போகும். முடிக்காவிட்டால் நாளைக்கும் சாக்கு. வலியை இழுத்தடிக்கிறேனா, உயிரை மிச்சம் பிடிக்கிறேனா என்று தெரியவில்லை. நாற்காலியிலிருந்து பார்த்தால் தெரிவது படுத்திருக்கும் நாய் மட்டுமே. தோன்றுகிறதா இல்லையா என்பது அவனைத் தூக்கும்போது சாக்கில்தான் தெரிகிறது: அவன் எவ்வளவு எடை தருகிறான், எவ்வளவு தானே தாங்குகிறான் என்பதில். அதைப் பார்த்து எழுத வராது. பிடித்துப் பார்க்க வேண்டும்.

நேற்று என் பக்கம் கனமாக இருந்தது. இன்று காலை கொஞ்சம் லேசாக இருந்தது. அல்லது லேசாக இருக்கட்டும் என்று மாமா தன் பக்கம் அதிகம் தூக்கியிருக்கலாம்.

வெயில் இறங்கிவிட்டது. மாமா மரத்தடிக்குப் போகிறார். “எந்திரிடா” என்கிறார். சாக்கை வயிற்றடியில் கொடுத்து ஒரு முனையைப் பிடித்தபடி இந்தப் பக்கம் பார்க்கிறார். மறுமுனை என்னுடையது. நான் முடிவு எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்து அவர் கூப்பிடவில்லை.

இவ்வளவு தூரம் வந்த நீங்கள் போய்ப் பிடியுங்கள். கனமா, லேசா என்று அவரிடம் சொல்லுங்கள். முதல் ஷெட் வாசலில் ஊதாத் தண்ணீர் இருக்கும். தாண்டாதீர்கள், அவன் தாண்ட மாட்டான்.