பெட்டி மேல் ஒட்டிய கொடி

நூற்று நாற்பது பெட்டி நண்டும் செத்துத் திரும்பி வந்தன. லாரியின் பின்கதவைத் திறந்ததும் அடித்த நாற்றத்தில் ஓட்டுநர் பெட்ராக் பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். நான் நகரவில்லை. இருந்த கோபத்தில் மூக்கு வேலை செய்யவில்லை.

"ஏன் திருப்பி அனுப்பினாங்க?" என்றேன்.

"மூடியைப் பாரு கெரன்சா. எல்லாம் உங்கப்பா கைவரிசை."

ஒவ்வொரு மூடியிலும் முட்டை வடிவத்தில் ஒரு முத்திரை உண்டு. எந்த நாட்டுச் சரக்கு என்று அதில்தான் இருக்கும். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியே வந்த பிறகு அந்த முத்திரையும், கால்நடை மருத்துவர் கையெழுத்திட்ட காகிதமும் சரியாக இல்லாவிட்டால் ஒரு நண்டுகூட பிரான்ஸில் கால் வைக்க முடியாது. அந்த முத்திரையை மறைத்து, இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள எங்கள் கார்ன்வாலின் கொடி ஸ்டிக்கர். கறுப்பில் வெள்ளைச் சிலுவை. ருமேனியாவிலிருந்து வந்த கால்நடை மருத்துவர் டாக்டர் இலீங்கா சோதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன பிறகு அப்பா தனியாக உட்கார்ந்து ஒட்டியிருக்கிறார். ஒரு பெட்டியைக்கூட விடவில்லை!

போன் அடித்தது. பிரான்ஸின் பிரிட்டனி பகுதியிலிருந்து எர்வான். எங்கள் சிலந்தி நண்டை இருபது வருடமாக வாங்குகிறவர்.

"காகிதத்துல ஒரு நாடு, பெட்டியில வேற நாடுங்கறாங்கம்மா. கார்ன்வால்னு ஒரு நாடு எந்தப் பட்டியல்ல இருக்கு?"

"அப்பா பட்டியல்ல இருக்கு மாமா."

அவர் சிரிக்கவில்லை. "வியாழக்கிழமை இன்னொரு லாரி அனுப்பு. அதுவும் திரும்பினா நான் அயர்லாந்துக்காரங்ககிட்ட போயிடுவேன். உங்கப்பா ஜாகோகிட்ட சொல்லு, எங்க பிரிட்டனிக்கும் தனிக் கொடி இருக்கு. நான் அதை நண்டு மேல ஒட்டுறதில்ல."

அப்பாவைத் தேடி ஓடினேன். படகு துறையில் இல்லை. வியாழக்கிழமைக்கான நண்டுகளை ஐந்து கூண்டுகளில் போட்டு, விரிகுடா ஓரத்தில் கடலுக்குள்ளேயே உயிரோடு வைத்திருந்தோம். படகு அங்கேதான் நின்றது. சின்ன ரப்பர் படகை எடுத்துக்கொண்டு போய் ஏறினேன். அப்பா முதல் கூண்டை மேலே இழுத்துக் கதவைத் திறந்து, நண்டுகளைக் கடலில் கொட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா! பைத்தியமா உங்களுக்கு?"

"பெட்ராக் போன்ல சொன்னான். எங்கேருந்து வந்தோம்னு சொல்லக்கூடாதாம். அப்படின்னா எதுவும் போக வேணாம்."

"பிரிட்டன்னு போட்டிருக்குல்ல?"

"அது லண்டன்காரன் பேரு! ருமேனியாக்காரி கையெழுத்து, லண்டன்காரன் முத்திரை, பிரெஞ்சுக்காரன் வாய். இதுல நாம எங்கடி இருக்கோம்? வெளிய வரணும்னு ஓட்டுப் போட்டதே நம்ம பேரு நம்மகிட்ட இருக்கத்தான்."

"ஓட்டுப் போட்டீங்க. சந்தோஷம். நம்ம ஊர்ல எவன் இந்த நண்டைத் திங்கிறான்? நீங்க தின்னிருக்கீங்களா? எட்டுக் கால் பூச்சி மாதிரி இருக்குன்னு நீங்களே மீன்வறுவல் கடைக்குத்தானே போறீங்க!"

"பேரில்லாம விக்கிறதுக்கு விக்காமலே இருக்கலாம்."

"பேரை வச்சு படகுக்கு டீசல் ஊத்துங்க அப்ப."

அப்பா இரண்டாவது கூண்டையும் கவிழ்த்தார். நீண்ட கால்கள் ஒன்றோடொன்று சிக்கி, கொத்தாக நீரில் விழுந்தன. மூன்று வாரப் பாடு. இருவரும் விடியலில் எழுந்து, கை வெடிக்க இழுத்தது. மூன்றாவது கூண்டு தளத்தில் வந்து இறங்கியதும் நான் அதன் கதவு மேல் ஏறி உட்கார்ந்தேன்.

"எந்திரி."

"மாட்டேன். தூக்கிப் போட்டுட்டுத் திறங்க."

"கெரன்சா, நான் உங்கப்பன்."

"அதனாலதான் இன்னும் வாய்ல பேசிட்டிருக்கேன். நானும் இந்த ஊர்தான். எனக்கு ஸ்டிக்கர் வேண்டியதில்ல."

அப்பாவின் முகம் சிவந்தது. என் தோளைப் பிடித்தார். நான் கூண்டுக் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டேன். அவர் பிடி தளர்ந்தது. போய்ச் சுக்கானுக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி நின்றார்.

உட்கார்ந்தபடியே டாக்டர் இலீங்காவைக் கூப்பிட்டேன், அப்பா காதில் விழும்படி சத்தமாக.

"டாக்டர், வியாழக்கிழமை மூணு கூண்டு நண்டு இருக்கு. கையெழுத்துப் போட்டதும் கிளம்பிடாதீங்க. லாரி கதவைப் பூட்டுற வரைக்கும் பெட்டிங்க பக்கத்துலயே நில்லுங்க. ஆமா, எங்கப்பாதான். கிட்ட வந்தா கத்துங்க."