மெத்தைக் கடையில் ஒரு மதியம்

"ரெண்டு பேரும் சேர்ந்துதான் வெளிய போகணும்," என்று உதவி மையத்துப் பெண்மணி கறாராகச் சொல்லிவிட்டார். "ஒருத்தர் வீட்டிலயே காவல் இருந்தா எங்க நர்ஸ் எதுக்கு?"

குழந்தைக்கு ஐந்து வயது. தொண்டையில் துளையிட்டு வைத்த சின்னக் குழாய் வழியாகத்தான் மூச்சு, வயிற்றில் வைத்த இன்னொன்றின் வழியாகத்தான் சாப்பாடு. தொண்டைக் குழாயில் சளி சேர்ந்தால் உடனே மெஷின் போட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும். அதனால் அம்மாவும் அப்பாவும் முறை வைத்துத்தான் தூங்கினார்கள். அவர் அச்சகத்திலிருந்து வந்ததும் இவள் போய்ப் படுப்பாள். இவள் எழுந்தால் அவர் படுப்பார். "மருந்து குடுத்தாச்சா", "சளி எடுத்தாச்சா" என்பதைத் தாண்டி இருவருக்கும் பேச்சு வளர்ந்து ரொம்ப காலமாகிவிட்டது.

இந்த மாதிரி வீடுகளுக்கு வாரம் ஒரு மதியம் நர்ஸ் அனுப்புவது அந்த மையத்தின் வேலை. நர்ஸும் சில வாரங்கள் வந்து, அம்மா பக்கத்தில் நிற்க, எல்லாம் பழகிக்கொண்டாள். குழந்தைக்குக் குரல் வராது. பிடித்தவர்களைக் கண்டால் நாக்கைத் துருத்தும். நர்ஸைப் பார்த்தும் துருத்தியபோது அம்மாவுக்குச் சுருக்கென்றது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

இருவரும் முதல்முறையாக வெளியே கிளம்பிய அன்று, அம்மா செருப்பை மாட்டிக்கொண்ட பிறகும் திரும்ப உள்ளே வந்தாள்.

"சிஸ்டர், அவ கண்ணு கலங்கினாலே சளி கட்டுதுன்னு அர்த்தம்."

"தெரியும்க்கா."

"இடது பக்கம் சாய்ச்சு..."

"சாய்ச்சுத்தான் எடுப்பேன். போயிட்டு வாங்கக்கா. மாமா வாசல்ல நின்னு நின்னு வேர் விட்டுடப் போறாரு."

தெருவில் இறங்கியதும் எங்கே போவதென்று இருவருக்கும் தெரியவில்லை. டீக்கடையில் ஆளுக்கு ஒரு டீ வாங்கினார்கள். அவள் பாதியிலேயே வைத்துவிட்டாள். கையிலிருந்த போனில் ஒலி முழுசாக இருக்கிறதா என்று பார்த்தாள், கொஞ்ச தூரம் போய் மறுபடியும் பார்த்தாள். எங்கோ ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. அவள் நின்றாள்.

"அது வேற பக்கம் போகுது," என்றார் அவர். அவரும் நின்றுதான் இருந்தார்.

மழை பிடித்துக்கொண்டது. பக்கத்தில் திறந்திருந்தது மெத்தைக் கடை ஒன்றுதான், ஒதுங்கினார்கள். கடைக்காரர் விடுவதாக இல்லை.

"சும்மா படுத்துப் பாருங்க சார். காசா பணமா?"

அவர் கூச்சத்தோடு ஓரத்தில் சாய்ந்தார். "நீயும் வாயேன், மழை விடட்டும்," என்றார். அவளும் மறுபக்கம் படுத்தாள். இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் படுத்தது கடைசியாக எப்போது என்று யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை. சொல்லலாம் என்று திரும்பினால் அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அவள் பதறி எழுந்தாள். "மன்னிச்சுக்கங்க, எழுப்பிடறேன். வீட்டுல குழந்தைக்கு முடியல. சரியாத் தூங்கி ரொம்ப நாளாச்சு."

"விடுங்கம்மா. எங்க மெத்தைக்கு இதைவிட நல்ல விளம்பரமா கிடைக்கப்போகுது?" என்ற கடைக்காரர் போய் ரேடியோவை அணைத்தார்.

அவளால் உட்கார முடியவில்லை. மெத்தைகளுக்கு நடுவே நடந்தாள். ஒவ்வொன்றையும் அமுக்கிப் பார்த்தாள். வாசலுக்குப் போய் மழையைப் பார்த்தாள், வந்தாள். அப்போதுதான் போன் அடித்தது.

"அக்கா, பதறாதீங்க. குழாய் அடைச்சுக்கிச்சு, மெஷினுக்கும் வரல. கழட்டிட்டுப் புதுசு போட்டுட்டேன். இப்ப மூச்சு நல்லா இருக்கு. உங்களுக்குத் தெரியணும்னுதான் கூப்பிட்டேன்."

அவள் உலுக்கிய உலுக்கலில் அவர் செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார். இருவரும் தொப்பலாக நனைந்து வீட்டுக்குள் நுழைந்தபோது, குழந்தை தலையணையில் சாய்ந்திருந்தது. கழுத்தில் குழாயைக் கட்டிய புது நாடா. அம்மாவைக் கண்டதும் நாக்கைத் துருத்தியது.

"முதல்லயே கூப்பிட்டிருக்கலாம்ல சிஸ்டர்?" என்றாள் அவள். "நான் பெத்தவ."

"கூப்பிட்டிருந்தா என் கையில போன்தான்க்கா இருந்திருக்கும்."

அவள் பதிலுக்கு வாயெடுத்தாள். அப்போதுதான் நர்ஸின் கைகளைக் கவனித்தாள். பழைய குழாயைக் கழுவிக்கொண்டிருந்த விரல்கள் லேசாக ஆடிக்கொண்டிருந்தன. அவள் உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"நான் முதல் தடவை தனியா மாத்தினப்போ," என்றாள், "மாத்தி முடிச்சுட்டு பாத்ரூம்ல போய் உட்கார்ந்துட்டேன். எழுந்திரிக்கவே முடியல."

"எனக்கும் அப்படித்தான் இருக்கு," என்றாள் நர்ஸ். தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். "நான் கிளம்ப இன்னும் நேரம் இருக்குக்கா. ரெண்டு பேரும் போய் ஈரத்தை மாத்துங்க. கொஞ்சம் படுங்க. நான் பார்த்துக்கறேன்."

அவள் குழந்தையைப் பார்த்தாள். கண் கலங்கவில்லை. மார்பு ஒரே சீராக ஏறி இறங்கியது. "சரி," என்றாள்.

பக்கத்து அறையில் உடை மாற்றிக்கொண்டு இருவரும் படுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடத் தொடங்கியது. நான்கு கால்களும் ஒன்றாகத் தரையில் இறங்கின. மெஷின் நின்றது. நர்ஸ் குழந்தையிடம் ஏதோ கதை சொல்கிற குரல் கேட்டது.

அவர் காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொண்டார். அவள் அப்படியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நெடுநேரம் கழித்து அவளும் சாய்ந்தாள்.