மேய்ஸ்கேயின் சீழ்க்கை

சங்கிஹே தீவின் மலைக்காட்டைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு குருவியைக் கணக்கெடுப்பதுதான் மேய்ஸ்கேயின் வேலை. அவள் சீழ்க்கையடித்தால் குருவியே ஏமாந்து பதில் கொடுக்கும்.

மழையில் மண் இளகி, அன்று காலை பள்ளத்தில் ஒரு மரம் அவள்மேல் சரிந்தது. இடது கால் அடியில் மாட்டிக்கொண்டது. கத்திக் கத்தி மதியத்துக்குள் தொண்டை அடைத்துவிட்டது. மிஞ்சியது சீழ்க்கைதான்.

மேலே பாதையில் ஆளரவம் கேட்டதும் மூச்சைத் திரட்டி ஊதினாள். வாய்க்குப் பழகிய குருவிக்குரலே வந்தது.

"கேட்டீங்களா அத்தான்? அக்காவோட குருவி கத்துது," என்றான் அவளைத் தேடி வந்த தம்பி யோப்பி.

"அது கெடக்கட்டும். ஆத்துப் பக்கம் பாக்கலாம், வா," என்றார் அவள் கணவர் ஹெஸ்கியா.

மறுபடி ஊதினாள். போதாததற்கு நிஜக் குருவி ஒன்று கிளையில் வந்தமர்ந்து போட்டிக்குப் பாடியது. காலடிகள் விலகின. இத்தனை வருடம் பழகிய வித்தையே தன்னைப் புதைத்துவிடும் போலிருந்தது.

உதட்டை நனைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடும் பாட்டை ஊதத் தொடங்கினாள். ஹெஸ்கியா இரண்டாம் அடியில் எப்போதும் சுதி தப்புவார். அதே இடத்தில் அவளும் அப்படியே தப்பினாள்.

காலடிகள் நின்றன.

"டேய், குருவி எதுக்குடா என்னை நக்கல் பண்ணுது?"

அடுத்த நொடி ஹெஸ்கியா பள்ளத்தில் சறுக்கி இறங்கினார். யோப்பி ஊருக்கு ஓடினான். மரத்தைத் தூக்க ஆட்கள் வரும்வரை, மேய்ஸ்கே அவர் சட்டையைப் பிடித்த பிடியை விடவேயில்லை.