அரைப்படி இலை

"மாட்டுக்கா அத்தை?" என்று கேட்டான் செல்லதுரை.

அரிசி ஆலையில் வரிசையாக நின்ற நாலு பெண்களும் திரும்பி என் சாக்கைப் பார்த்தார்கள். சொந்த நெல். நானே அவித்து, நானே காயவைத்தது. உமியை மட்டும் நீக்கு, தவிடு போகக் கூடாது, பாலிஷ் போடாதே என்றுதான் சொல்லியிருந்தேன். அதற்குத்தான் இந்தக் கேள்வி.

"மாட்டுக்கு இல்லடா. உங்க மாமாவுக்கு."

அவன் மோட்டாரையே நிறுத்திவிட்டான். "மாமாவுக்கா? அவருக்குப் போயா இந்த அரிசி? ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு ஒண்ணும் சொல்லாது. நீ அரைச்சுக் குடு."

ஊர் என்ன சொல்லும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

என் வீட்டுக்காரர் வைரக்கண்ணுவுக்குக் கார்த்திகை மாதம் வலது கால் சுண்டுவிரல் போனது. வயலில் நத்தை ஓடு குத்தியிருக்கிறது, அவருக்குத் தெரியவே இல்லை. நான் சேறு கழுவிவிடும்போதுதான் பார்த்தேன். பன்னிரண்டு வருஷத்துச் சர்க்கரை, காலில் உணர்ச்சியைத் தின்றுவிட்டிருந்தது. பெரியாஸ்பத்திரியில் விரலை எடுத்தார்கள். டாக்டரம்மா சின்னப் பெண், எங்கள் பேத்தி வயது இருக்கும். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"ரேஷன் அரிசிய நிறுத்துங்கம்மா. தவிடு போகாத அரிசி போடுங்க, அதுவும் ஒரு வேளைக்கு ஒரு கப்தான். கீரை, மீன், பயறு நிறையக் குடுங்க. டீக்குச் சீனி, பன்னு, பிஸ்கட், பாக்கெட்ல வர்றது எதுவும் கூடாது. புண்ணு ஆறணும், சர்க்கரை இறங்கணும். இல்லன்னா அடுத்து பாதத்தையே எடுக்கிற மாதிரி ஆயிடும்."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. எங்களுக்கு மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலம் இருக்கிறது. விளைவதை எல்லாம் மூட்டை கட்டிக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு, எந்த ஊரில் விளைந்ததோ தெரியாத அரிசிக்கு ரேஷன் கடையில் வரிசை கட்டி நிற்கிறோம். ஆட்சி மாறி, ஒரு ரூபாய் அரிசி சும்மா அரிசி ஆனதிலிருந்து வரிசை இன்னும் நீண்டுவிட்டது. நான் மட்டும் தை அறுப்பில் நாலு மூட்டையை விற்காமல் வீட்டில் போட்டேன். அதில் முதல் மூட்டைதான் செல்லதுரை ஆலைக்குப் போனது.

அந்த அரிசியைப் பொங்குவது லேசுப்பட்ட காரியமா? இரண்டு மணி நேரம் ஊறணும். வேக மாட்டேன் பார் என்று சவால் விடும். சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறதே என்று கொல்லையில் மறுபடி விறகடுப்பு மூட்டினேன். வரப்பில் பொன்னாங்கண்ணி பறித்து, வாய்க்காலில் கிடைத்த கெண்டையைக் குழம்பு வைத்து, அறுபத்திரண்டு வயதில் இடுப்பு ஒடிய ஆக்கித் தட்டில் போட்டு வைத்தேன். மனுஷர் பார்த்தார். பழுப்புச் சோறு. முகம் கறுத்துவிட்டது.

"என்ன இது?"

"நம்ம நெல்லுதாங்க."

"தெரியுது. இதத் திங்கறதுக்கா நான் அடி வாங்குனேன்?"

தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை. நாங்கள் பண்ணையாட்களாக இருந்த காலத்தில் கூலி நெல் என்று அளப்பதில் பாதி அரிசி பிடிக்காத கருக்காய்தான் இருக்கும். அதை உரலில் குத்தி, தவிடும் குருணையுமாகக் காய்ச்சிக் குடிப்போம். வெள்ளைச் சோறு தீபாவளிக்கு உண்டு, இல்லாவிட்டால் யாராவது செத்த பதினாறாம் நாள் உண்டு. இவருக்கு இருபத்து மூன்று வயது இருக்கும்போது, களத்தில் மிராசுதாருக்கு எதிரே நின்று, "கூலியில அரைப்படி கூட்டி அளங்க" என்று முதலில் வாய் திறந்தவர் இவர்தான். அன்று சாயங்காலமே மிராசுதாரின் அடியாட்கள் வாய்க்கால் மதகில் மடக்கி அடித்தார்கள். இரண்டு விலா எலும்பு முறிந்தது. இடது காது இன்றுவரை கேட்காது. ஆனாலும் அடுத்த அறுப்பில் அரைப்படி கூடியது. அதற்கப்புறம் நில உச்சவரம்புச் சட்டம், கோர்ட்டு, பதினைந்து வருஷ இழுவை, கடைசியில் இந்த மூன்று மா. எல்லாம் அந்த அரைப்படியில் ஆரம்பித்ததுதான்.

கூடக் கிடைத்த அந்த அரைப்படியை அந்த முதல் அறுப்பில் எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் தனியாகப் பொங்கி, முதல் இலையை இவருக்குப் போட்டார்கள். அரைப்படி இலை என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. நாற்பத்தைந்து வருஷம் ஆகிறது. கல்யாணமோ காதுகுத்தோ, எங்கள் தெருவில் முதல் இலை வைரக்கண்ணுவுக்குத்தான். எனக்கும் அதில் பெருமை இல்லாமல் இல்லை.

மறுநாள் அவர் காலைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். "பாருங்க. எண்ணுங்க. எத்தனை விரல் இருக்கு?" என்றேன். மத்தியானம் சோற்றைப் பிசைந்து, கஷாயம் குடிக்கிற முகத்தோடு தின்றார். அதற்குப் பிறகு சண்டை இல்லை. மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதமும் நான் போட்டதைத் தின்றார். டீயில் சீனி இல்லை. கடைப்பண்டம் வீட்டுக்குள் வரவே இல்லை. நானும் அதையேதான் தின்றேன். என் முட்டிவலிகூடக் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது.

வைகாசியில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை பார்த்தார்கள். டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பதினொண்ணு இருக்கும்மா. ஏழுக்குப் பக்கத்துல வரணும். போன தடவைய விட ஏறியிருக்கு. புண்ணும் ஆறல. என்ன சாப்பிடுறீங்கய்யா?"

"வீட்ல அந்த அரிசிதாங்க டாக்டர். சத்தியமா" என்றார் இவர். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை.

அந்தப் பெண் என்னை நம்பவில்லை. நான் சரியாக ஆக்கிப்போடுவதில்லை என்று நினைத்துக்கொண்டாள். ஆடி கழிந்து மறுபடி வரச் சொன்னாள். அப்போதும் இப்படியே இருந்தால் அறுவைக்கு நாள் குறிக்க வேண்டியதுதான் என்றாள். பஸ்ஸில் இவர் தூங்கிவிட்டார். நான் கீழ்வேளூர் வரும்வரை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

மறுநாள் காலை தெருக்குழாயில்தான் விஷயம் உடைந்தது. எங்கள் தெருச் சாவித்திரி, பால்வாடியில் ஆயா வேலை பார்ப்பவள், குடத்தை வைத்துவிட்டு என்னிடம் குசுகுசுவென்று சொன்னாள்.

"அத்தை, தப்பா நெனச்சுக்காதீங்க. மாமாவுக்கு வீட்ல மாட்டு அரிசிதான் போடறீங்களாமே. ஊரே பேசுது. முந்தாநாள் எங்க வீட்ல பொன்னி அரிசிச் சோறு, வத்தக்குழம்பு, அப்பளம். பாவம், ரெண்டு தடவ வாங்கிச் சாப்புட்டாங்க. அதுக்கு மொத நாள் ரெத்தினம் வீட்ல கேசரி கிண்டுனாங்க. தெனம் யார் வீட்லயாவது பாத்துக்கறோம், நீங்க கவலப்படாதீங்க."

என் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. குழாயை நிறுத்தக்கூடத் தோன்றவில்லை.

மத்தியானம் வீட்டில் சாப்பிட்டு எழுந்ததும் அவர் தெருவில் ஒரு சுற்றுப் போய் வருவது வழக்கம்தான். எங்களுக்குச் சாப்பாடு என்றால் சொந்த வீட்டில் சாப்பிடுவது. அடுத்த வீட்டில் இலை முன்னால் உட்காருவது மரியாதை. அதைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, மூன்று மாதமாக எனக்கும் தோன்றவில்லை. என்ன படித்து என்ன, படிக்காமல் என்ன, புத்தி இப்படித்தான் கெட்டுக் கிடக்கிறது.

வீட்டுக்கு வந்து கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"கூப்புடறாங்க. எப்படி மாட்டேங்கறது? அந்த இலைய வேணாம்னா, அந்த அரைப்படியே வேணாம்னு சொன்ன மாதிரி."

"கால் போயிடுங்க."

"போனாப் போவட்டும். வந்து சாப்புடுங்கன்னு கூப்புடற வாசல்ல நின்னு, எனக்கு வேணாம்னு என் வாயால சொல்ல மாட்டேன்."

அன்றும் மத்தியானம் சிவப்புத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். கத்தினேன், அழுதேன், காலைப் பிடித்தேன். நாலு நாள் பார்த்தேன். ஐந்தாம் நாள் அவர் நிலத்துத் தீர்வை விஷயமாக வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போயிருந்தபோது நான் தெருவில் இறங்கினேன்.

நாற்பத்தொரு வீடு. எனக்குப் பதினைந்து வயதில், அம்மா கையைப் பிடித்துக்கொண்டு இதே தெருவில் ஒரு கைப்பிடி நொய்க்காக நின்றிருக்கிறேன். இப்போது அதே வாசல்களில் நின்று, சோறு போடாதீர்கள் என்று கெஞ்சினேன். அன்றைக்குக்கூட இவ்வளவு கூச்சமாக இருந்ததில்லை.

ரெத்தினம் நம்பவில்லை. "வாங்கி வைக்க முடியலன்னா சொல்லுங்கண்ணி, ஒரு மூட்டை நாங்க எறக்கி வைக்கறோம். அவருக்கு ஒரு வாய் போடாம நாங்க எப்படித் திங்கறது?" என்றான். ஆஸ்பத்திரித் தாளை நீட்டினேன். பிறகுதான் அவன் வாய் மூடியது. ஒரு வீட்டில் என்னைக் கஞ்சம் என்றே சொன்னார்கள். கேட்டுக்கொண்டேன். எல்லா வீட்டிலும் கடைசியாக ஒன்றைக் கேட்டுச் சத்தியம் வாங்கினேன்: நான் வந்து சொன்னேன் என்று அவரிடம் சொல்லக் கூடாது. தெரிந்தால் அவரே வாசலில் வந்து நிற்பார். அவர் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல இந்த ஊரில் ஆள் கிடையாது.

ஊர் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றியது. எனக்காக இல்லை, அவர் காலுக்காக.

முதல் நாள் சீக்கிரம் திரும்பி வந்தார். "எல்லாரும் வேலைக்குப் போயிருக்காங்க போல" என்றார். இரண்டாம் நாள் இன்னும் சீக்கிரமாக வந்தார். நாலாம் நாள் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "சாவித்திரி என்னப் பாத்ததும் உள்ள போயிட்டா. நம்ம மேல யாருக்காச்சும் கோவமா?" என்று கேட்டார்.

"அப்படியெல்லாம் இருக்காது. சாப்புடுங்க."

"ரெத்தினம் வீட்ல இலை போட்டிருந்தாங்க. என்னத் தாண்டிப் போயி அவன் மச்சானக் கூப்புட்டான்."

பத்து நாளில் தெருவில் போவதை நிறுத்தினார். பிறகு சிவப்புத் துண்டு கொடியில் அப்படியே கிடந்தது. அந்த வருஷம் மேட்டூர் திறக்கவில்லை, குறுவையும் இல்லை. வயலுக்குப் போக வேலை இல்லை. காலை நீட்டிக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் தானாகவே சொன்னார். "இருவது கிலோ அரிசி சும்மா வருது. அரைப்படியெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கப்போவுது."

மிராசுதாரின் அடியாட்கள் விலாவை உடைத்தும் சாயாத மனுஷரை, நான் நாற்பத்தொரு வாசலில் ஏறி இறங்கிச் சாய்த்துவிட்டேன். சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வரும். காலைப் பார்ப்பேன். புண்ணின் ஓரம் சிவந்து, புதுத்தோல் கூடிக்கொண்டிருக்கும். வாயை மூடிக்கொள்வேன்.

ஆவணியில் சர்க்கரை ஏழரைக்கு இறங்கியிருந்தது. டாக்டரம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சாதிச்சிட்டீங்கம்மா. பாதத்துக்கு ஆபத்து இல்ல" என்றாள். இவரைப் பார்த்து, "சந்தோசம்தானே அய்யா?" என்று கேட்டாள். இவர் எங்கேயோ பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினார். எனக்குச் சந்தோஷப்படவும் தெம்பு இல்லை. போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கி எங்கள் தெரு வழியாகத்தான் நடந்து வந்தோம். மத்தியானச் சாப்பாட்டு நேரம். எல்லா வீட்டிலும் குழம்பு வாசனை. ஒருவரும் கூப்பிடவில்லை. அவர் தலையைக் குனிந்தபடியே நடந்தார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. வீட்டுக்குள் வந்ததும் போட்டு உடைத்தேன்.

"நான்தாங்க சொன்னேன். வீடு வீடாப் போயி, உங்களுக்குச் சோறு போடக் கூடாதுன்னு நான்தான் கெஞ்சினேன். யாரும் உங்கள மறக்கல."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. லேசாகச் சிரித்தார்.

"எனக்கு ஆறுதல் சொல்றியா, அம்சம்? நீ போயிச் சொன்னா ஊரு கேட்டுடுமா? அவங்களுக்கு மனசு இருந்தா, நீ என்ன சொன்னாலும் கூப்புட்டிருப்பாங்க."

"சத்தியமாங்க. வேணும்னா ரெத்தினத்தக் கேளுங்க."

"வுடு. பசிக்குது. சோத்தப் போடு."

ஒரு கப் அளந்து போட்டேன். முருங்கைக்கீரை, பயற்றங்குழம்பு. பிசைந்து சாப்பிட்டார். முகம் சுளிக்கவில்லை. ஒரு பருக்கை விடாமல் வழித்தார். பிறகு தட்டைக் கொஞ்சம் என் பக்கமாக நகர்த்தினார்.

"இன்னும் ஒரு கரண்டி போடு."

அந்தச் சோற்றை அவர் கேட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை. பானையில் சோறு இருந்தது. கரண்டியும் என் கையில்தான் இருந்தது. பசி என்று கேட்டவருக்கு இல்லை என்று நான் என் ஆயுசில் சொன்னதில்லை. பானையை மூடினேன்.

"போதுங்க" என்றேன்.

அரைப்படி கூடக் கேட்டவர், ஒரு கரண்டிக்கு மறுபேச்சுப் பேசவில்லை. செம்பை எடுத்துத் தட்டிலேயே கையைக் கழுவினார்.